மூன்றாம் எண் வீடு: மாநிலத் திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மாநிலத் திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். பந்தலூர் வட்டத்தில் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்து 2024ல் ஓய்வு பெற்றவன் நான். பந்தலூர் எங்கே இருக்கிறது என்று உங்களில் சிலர் யோசிக்கலாம்; அதில் தப்பில்லை. நீலகிரி என்றால் எல்லோருக்கும் ஊட்டிதான். ஊட்டியிலிருந்து நடுவட்டம் வழியாக இறங்கி, கூடலூரைத் தாண்டி, நாடுகாணி, தேவாலா என்று போய்க்கொண்டே இருந்தால், கேரளா ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் நாங்கள் இருக்கிறோம். எருமாடு, அய்யன்கொல்லி பக்கத்து ஆட்களுக்கு ஊட்டியைவிட கேரளாவில் இருக்கிற சுல்தான் பத்தேரிதான் கிட்டம். தலைவலி, காய்ச்சலைத் தாண்டி எது வந்தாலும் பலர் ஜீப் பிடித்து அங்கேதான் ஓடுகிறார்கள். ஊட்டியில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 700 படுக்கை மருத்துவமனை இருக்கிறது. மாவட்டக் கணக்கில் அது எங்களையும் சேர்த்துத்தான்.

அந்த 'சேர்த்து' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

மத்திய அரசின் நிதி ஆயோக் 2023ல் பன்முக வறுமைக் குறியீடு வெளியிட்டது; வருமானத்தைக் கேட்காமல் உடல்நலம், படிப்பு, வாழ்க்கைத் தரம் என்று கேள்வி கேட்டு யார் ஏழை என்று சொல்கிற கணக்கு. அதில் தமிழ்நாட்டின் ஏழைகள் 2.20 சதவீதம். நாடு முழுவதற்கும் 14.96. ஜார்க்கண்ட் 28.81, பீகார் 33.76. பெருமைப்பட வேண்டிய கணக்குதான், நானும் பெருமைப்படுகிறேன். காலை உணவுத் திட்டம் எங்கள் பள்ளிக்கு வந்த பிறகு, முதல் பாடவேளையில் பிள்ளைகள் பெஞ்சில் தலை சாய்ப்பது நின்றுபோனதை இந்தக் கண்ணால் பார்த்தவன். நன்றி கெட்டுப் பேசவில்லை. ஆனால் இந்த மாநிலத்தில் 2.20 சதவீதம் என்றால் பதினாறு, பதினேழு லட்சம் பேர். எங்கள் மாவட்டத்தின் மொத்த ஜனத்தொகையே 2011 கணக்குப்படி 7,35,394தான். இரண்டு நீலகிரி கொள்கிற அளவுக்கு ஏழைகள் மிச்சம் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் பிடித்து ஐந்து லட்சம் குடும்பங்களைக் கைதூக்கிவிடப் போவதாக 2024 பட்ஜெட்டில் தாயுமானவர் திட்டத்தை அறிவித்தார்கள். நல்ல பெயர். தேடுகிற இடம் எது, தேடுகிறவர் கையில் இருக்கும் படிவம் எது என்பதில்தான் என் சந்தேகம்.

படிவம் எனக்குப் புதிதல்ல. 2010ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கான வீட்டுப்பட்டியல் எடுக்க வாத்தியார்களை அனுப்பினார்கள். எனக்கு விழுந்த பகுதியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் மூன்று லைன்கள் வந்தன. லைன் என்றால் தெரியாதவர்களுக்கு: ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஐந்தாறு வீடுகள், வீட்டுக்கு ஒரு முன்னறை, ஒரு அடுப்படி, தகரக் கூரை. மழைக்காலத்தில் தகரத்தின் மேல் மழை அடிக்கிற சத்தத்தில் கேள்வியைக் கத்திக் கேட்க வேண்டும். பதிலையும் கத்தித்தான் சொல்வார்கள். அந்தரங்கம் என்று ஒன்றும் மிஞ்சாது. தரை என்ன, சுவர் என்ன, கூரை என்ன, தண்ணீர் எங்கே, விளக்கு எது, கக்கூஸ் உண்டா, ரேடியோ, டிவி, போன் என்று கேட்டுக்கொண்டே வந்து, "சைக்கிள் இருக்கா?" என்றேன். ஒரு பாட்டி சிரித்துவிட்டார். "ஏத்தத்துல தள்ளிக்கிட்டுப் போகவா வாத்தியாரே, எறக்கத்துல உழுந்து சாகவா?"

அந்தச் சைக்கிள் இன்னும் விடவில்லை. நிதி ஆயோக்கின் குறியீட்டிலும் சொத்து என்ற தலைப்பில் சைக்கிளும் மாட்டு வண்டியும் இருக்கின்றன. மாட்டு வண்டி! பந்தலூரில் மாட்டு வண்டி பார்த்த ஒருவரை எனக்குக் காட்டுங்கள். கேள்வியைத் தயாரித்தவர் மனதில் இருந்தது கங்கைச் சமவெளியோ, தஞ்சாவூரோ, மலை இல்லை. சரி, அது சின்ன விஷயம், வேடிக்கையாகவே இருக்கட்டும். இன்னொரு கட்டம்தான் வேடிக்கை இல்லாதது.

வீடு யாருடையது என்று படிவத்தில் ஒரு கேள்வி. சொந்தம் என்றால் 1, வாடகை என்றால் 2, மற்றவை என்றால் 3. லைன் வீடு சொந்தமும் இல்லை, வாடகையும் பிடிப்பதில்லை. ஆகவே 3. மூன்று லைனுக்கும் வரிசையாக 3, 3, 3 என்று போட்டுக்கொண்டே வந்தேன். கடைசி லைனில் கடைசிக்கு முந்தின வீடு என் அக்காவுடையது. அரசு வேலை என்பதால் அவளிடமும் எல்லாக் கேள்வியையும் கேட்டேன். எழுதுவதை எட்டிப் பார்த்தவள், "ஏன்டா தம்பி, முப்பது வருசமா குடியிருக்கிற வீடு, 'மற்றவை'யா?" என்றாள். நான் டீ குடிப்பதில் மும்முரமாகிவிட்டேன்.

எங்கள் குடும்பம் 1973ல் இலங்கையிலிருந்து வந்தது. 1964ல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டு 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும் என்று முடிவு செய்தார்களே, அந்தக் கணக்கில் நாங்கள் ஐந்து பேர். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினோம். எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அங்கேயே மூன்றாவதோடு படிப்பு நின்றவள், இங்கே 1978ல் எஸ்டேட்டில் பேர் பதிந்தாள். என்னைப் படிக்க வைத்தது அவள் எடுத்த கொழுந்துதான். நாற்பது வருஷம் இடுப்பில் படங்கு என்கிற முரட்டுத் துணியைக் கட்டிக்கொண்டு மலையேறி இறங்கினாள். அட்டைக்கடி தழும்பு இரண்டு காலிலும் அம்மைத் தழும்பு மாதிரி இருக்கும். 2018ல் ஐம்பத்தெட்டு ஆனது, பேரை வெட்டினார்கள். வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்தால்தான் கிராஜுவிட்டி என்றார்கள். எஸ்டேட்டின் பெயர் வேண்டாம்; எங்கள் பக்கம் விசாரித்தால் ஒரு எஸ்டேட்டில் மட்டும் நடக்கிற கதை இல்லை என்பது உங்களுக்கே தெரிந்துவிடும். அத்தான் அதற்கு முன்பே போய்விட்டார். மகன்கள் இருவரும் திருப்பூரில். நாற்பது வருஷ வாழ்க்கை ஒரு ஜீப்பில் ஏறியது. ஆட்டுக்கல் மட்டும் ஏறவில்லை. பந்தலூர் பஜாருக்குப் பின்னால் ஒற்றை அறை வாடகைக்கு எடுத்தோம். இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

இப்போது வாத்தியார் புத்தியோடு அக்காவுக்கு நானே மார்க் போட்டுப் பார்த்தேன். குறியீட்டில் 12 கேள்வி. சத்துக்குறைவு, மரணம், பேறுகால கவனிப்பு என்று உடல்நலத்தில் மூன்று, அவளுக்குப் பொருந்தவில்லை. பள்ளிக்குப் போகாத பிள்ளை வீட்டில் இல்லை. படித்த வருஷங்களில் மட்டும் ஃபெயில். அதற்கு ஆறில் ஒரு பங்கு. மிச்சம் ஏழு கேள்வி வாழ்க்கைத் தரம், ஒவ்வொன்றுக்கும் 21ல் ஒரு பங்கு. கேஸ் அடுப்பு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, கல் சுவர், சிமெண்ட் தரை, டிவியும் போனும் இருக்கின்றன, வங்கிக் கணக்கு இருக்கிறது. தண்ணீரையும் கக்கூஸையும் குறையாகவே வைத்துக்கொள்வோம். எல்லாம் கூட்டினாலும் மூன்றில் ஒரு பங்கு வரவில்லை. மூன்றில் ஒரு பங்கு வந்தால்தான் ஏழை. ஆகவே அக்கா ஏழை இல்லை. லைனில் இருந்தபோதும் ஏழை இல்லை, லைனை விட்டு இறங்கின அன்றும் இல்லை. தலைக்கு மேலே இருந்த கூரை ஒரே நாளில் போனதை அந்தப் பன்னிரண்டில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. சுவர் எதனால் ஆனது என்று கேட்கிறது. சுவர் யாருடையது என்று கேட்கவில்லை.

விட்டுவந்த ஆட்டுக்கல்லைக் கொண்டுவரலாமென்று அடுத்த வருஷம் போனேன். அந்த வீட்டில் ஜார்க்கண்டிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். ஆட்டுக்கல்லின் குழியில் மழைத் தண்ணீர் தேங்கி, அதில் கோழி குடித்துக்கொண்டிருந்தது. நான் எடுக்காமலேயே வந்துவிட்டேன். அந்தப் பையனைப் பிறகு எங்கள் பள்ளியில் சேர்த்தார்கள். ஆறே மாதத்தில் தமிழ் பேசினான், என் மற்ற பிள்ளைகளைவிடத் திருத்தமாகவே பேசினான். ஒரு பருவம் முடிந்து ஊருக்குப் போனவர்கள் அடுத்த பருவம் வரவில்லை. பெயரை வருகைப் பதிவேட்டில் எத்தனை நாள் வைத்திருப்பது என்று எனக்கும் தலைமையாசிரியருக்கும் வாக்குவாதமே நடந்தது. இங்கே இருந்தால் தமிழ்நாட்டுப் பிள்ளை, அங்கே போனால் ஜார்க்கண்ட் பிள்ளை. இரண்டு இடத்துக் கணக்கிலும் விட்டுப்போகிற பிள்ளை.

2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒரு ஆளுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், ஜார்க்கண்டு கிராமத்தில் 2,763 ரூபாய். ஏறக்குறைய பாதி. அந்தப் பாதிதான் அவர்களை இரண்டு நாள் ரயிலில் ஏற்றி எங்கள் லைனுக்குக் கொண்டுவருகிறது. எங்கள் பிள்ளைகளைத் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறக்குவதும் இதே மாதிரி ஒரு வித்தியாசம்தான். அது மாநிலத்துக்கு உள்ளேயே இருப்பதால் யாரும் பட்டியல் போடுவதில்லை. ஒரே லைன் வீட்டுக்குள் ஒரு குடும்பம் ஏழ்மையிலிருந்து ஏறி வருகிறது, ஒரு குடும்பம் அதே வாசலில் இறங்கிப் போகிறது.

இறங்கிப் போனவர்கள் எவ்வளவு பேர் என்பதற்கும் கணக்கு உண்டு. 2001ல் நீலகிரி மாவட்டத்தில் 7,62,141 பேர். 2011ல் 7,35,394. பத்து வருஷத்தில் ஏறத்தாழ 27,000 பேர் குறைந்தோம். பிறப்பு குறைந்தது ஒரு காரணம், பிழைப்புத் தேடிப் போனது பெரிய காரணம். எங்கள் பள்ளியிலேயே ஒரு வகுப்பறையைப் பூட்டி, அதில் சத்துணவு அரிசி மூட்டை வைத்தோம். சம்பாதிக்கிறவன் வெளியே போய்விட்டால் அவன் வருமானம் திருப்பூர்க் கணக்கில் ஏறுகிறது. அவன் அனுப்புகிற பணத்தில் வாங்கின ஃபிரிட்ஜ் எங்கள் கணக்கில் ஏறுகிறது. ஆகவே ஊர் காலியாக ஆக, தாளில் ஊரின் தரம் கூடிக்கொண்டே போகும்.

நான் இதுவரை சொன்னது சிலோன்காரங்க கதை. எங்களுக்கும் கீழே இருக்கிறவர்களைச் சொல்லாமல் விட்டால் பாவம். தமிழ்நாட்டில் மிகவும் நலிந்த பழங்குடிகள் என்று அரசு வகைப்படுத்தியிருக்கும் ஆறு இனங்களும், அதாவது தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் எல்லோருமே, நீலகிரியில் இருக்கிறார்கள். ஆனால் ஆறுபேரையும் ஒரே மூச்சில் சொல்வதே தப்பு. ஊட்டிப் பக்கத்துத் தோடர் நிலைமை வேறு, எங்கள் பக்கத்துப் பணியர் நிலைமை வேறு. தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் வயலில் உழைத்தவர்கள் பணியர். வயல் தேயிலையாக மாறியபோது அதுவும் கையைவிட்டுப் போனது. அவர்கள் காலனியில் அரசு கட்டிக்கொடுத்த கான்கிரீட் வீடுகள் உண்டு. ஜூன், ஜூலையில் போய்ப் பாருங்கள். தேவாலா மழை எந்தக் கான்கிரீட்டையும் சோதித்துவிடும். மொட்டை மாடிக்கு மேலே நீல நிற தார்ப்பாய் கட்டியிருப்பார்கள். படிவத்தில் அது 'கான்கிரீட் கூரை'. தார்ப்பாய்க்குக் கட்டம் இல்லை.

கூடலூர், பந்தலூரில் நிலமே ஒரு சிக்கல். கேரளாவின் நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலமாக, அதாவது பரம்பரை ஜமீன் மாதிரி நிலமாக இருந்தது இது. 1969ல் ஜென்மம் ஒழிப்புச் சட்டம் வந்தது, 1974ல் நடைமுறைக்கு வந்தது, அதில் தோட்டக் குத்தகை பற்றிய 17வது பிரிவுக்குள் மாட்டின நிலத்தில் இருக்கிறவர்களுக்கு இன்றும் பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு மின் இணைப்பு வாங்கவே பல வருஷம் அலைந்திருக்கிறார்கள். இந்தியா முழுவதற்கும் காடு என்றால் என்ன என்று உச்ச நீதிமன்றத்தைச் சொல்ல வைத்த கோதவர்மன் திருமுல்பாடு வழக்குகூட 1995ல் இந்தக் கூடலூர்க் காட்டை வைத்துக் கிளம்பியதுதான். நாடே மேற்கோள் காட்டுகிற வழக்கு பிறந்த ஊரில், மண்ணெண்ணெய் விளக்கில் படித்து வந்த பிள்ளைக்கு நான் வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறேன்.

கோத்தகிரி, குந்தா பக்கத்து ஹட்டிகளில், அதாவது படுகர் ஊர்களில், வேறு மாதிரி. வீடு சொந்தம், நிலம் சொந்தம், ஆனால் பச்சைத் தேயிலைக்கு விலை இல்லை. கிலோவுக்கு 33 ரூபாய் 50 காசாவது வேண்டும் என்று 2023ல் சிறு விவசாயிகள் போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். அதை அவர்களே என்னைவிட நன்றாக எழுதுவார்கள்.

அப்புறம் விலைவாசி. டெண்டுல்கர் குழுவின் முறைப்படி 2011-12ல் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு வறுமைக்கோடு ஆளுக்கு மாதம் 880 ரூபாய். கும்பகோணத்துக் கிராமத்துக்கும் 880, எங்கள் வட்டத்துச் சேரங்கோட்டுக்கும் 880. எங்களுக்குக் கம்பளி வேண்டும், குழந்தைக்கு ஸ்வெட்டர் வேண்டும், மழைக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் சீட்டு வேண்டும். கேஸ் இருந்தாலும் குளிருக்கு விறகு வேண்டும். மலைக்கு மேலே வருகிற வெங்காயம் லாரி வாடகையையும் தலையில் சுமந்துகொண்டுதான் வரும். தாலுகா ஆபீஸில் ஒரு கையெழுத்துக்குப் போனால் அரைநாள் சம்பளமும் ஜீப் காசும் போச்சு. கோடு ஒன்றுதான், அதைத் தொடுவதற்கு நாங்கள் கூடக் கொஞ்சம் ஏற வேண்டியிருக்கிறது.

தண்ணீர்க் கேள்வியும் அப்படித்தான். போய்வர அரைமணிக்கு மேல் ஆனால் குறை என்கிறது குறியீடு. காலிக் குடத்தோடு இறங்க ஆறு நிமிஷம், நிறைகுடத்தோடு ஏற, ஆளைப் பொறுத்து, பதினைந்து. மொத்தம் 21. ஆகவே தண்ணீர்க் குறை இல்லை. மார்ச் மாதம் ஊற்று வற்றி வரிசையில் நிற்கிற நேரத்தை யாராவது கடிகாரம் வைத்துப் பார்த்தார்களா என்று தெரியவில்லை.

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும்: குறியீடு நிதி ஆயோக்குடையது, புள்ளிவிவரம் தேசிய குடும்பநல ஆய்வுடையது, எங்கள் கையில் என்ன இருக்கிறது? அந்த ஆய்வின் ஐந்தாவது சுற்றில் 707 மாவட்டங்களில் சுமார் 6,37,000 வீடுகளைப் பார்த்தார்கள். சராசரியாக மாவட்டத்துக்கு 900 வீடு. நீலகிரியில் கிட்டத்தட்ட இரண்டு லட்சம் வீடுகள். 900 வீட்டை வைத்து மாவட்டத்தைப் பற்றி ஏதோ சொல்லலாம். ஆறு வட்டங்களைத் தனித்தனியாகச் சொல்ல முடியாது, எஸ்டேட் லைனையும் பணியர் காலனியையும் சத்தியமாகச் சொல்ல முடியாது. ஊட்டி ரேஸ்கோர்ஸ் பக்கத்து பங்களாவையும் எங்கள் தகரத்தையும் கூட்டி வகுத்து வருகிற எண்ணை வைத்து, இந்த மாவட்டத்துக்கு இது போதும் என்று நீங்கள் முடிவு செய்யாதீர்கள் என்பதுதான் நான் கேட்பது.

உங்கள் கையில் ஒன்று நிச்சயமாக இருக்கிறது. ஐந்தாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று தொடங்கி நீலகிரியையும் டார்ஜிலிங்கையும் அசாம் மலைகளையும் ஒரு தட்டில் வைத்து மத்திய அரசு பணம் கொடுத்தது, நூற்றுக்குத் தொண்ணூறு. மலையில் வாழச் செலவு கூட என்று அன்றைக்கு டெல்லிக்கே தெரிந்திருந்தது. அந்தப் பணம் நின்றுபோன பிறகு சிறப்புப் பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மாநில அரசே தன் பணத்தில் நடத்துகிறது. அதற்காக உங்களுக்கு நன்றி. அந்தப் பணத்தைப் பங்கிடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, மலையை மட்டும், ஊராட்சி ஊராட்சியாக, லைன் லைனாக, காலனி காலனியாகக் கணக்கெடுங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எண்கள் வந்ததும் மாவட்டத்தோடு நிறுத்தாமல் கடைசி ஊர் வரைக்கும் பிரித்து வெளியிடுங்கள். உங்கள் சொந்தப் படிவத்தில் சைக்கிளை எடுத்துவிட்டு இரண்டு கேள்வி சேர்த்துக்கொள்ளுங்கள். "இந்த வீட்டை விட்டு உங்களை எப்போது போகச் சொல்வார்கள்?" "போகச் சொன்னால் எங்கே போவீர்கள்?" முதல் கேள்விக்கு எங்கள் லைனில் எல்லோரும் வருஷம், மாதத்தோடு பதில் சொல்வார்கள். இரண்டாவதுக்கு எழுத கட்டம் கொஞ்சம் பெரிதாகவே விடுங்கள், அல்லது விட வேண்டாம். பலர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பைப் பார்ப்பார்கள்.

நேரில் வருவதாக இருந்தால் மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சி நேரம், இ-பாஸ் எடுத்து வருகிற கூட்டத்தில் ஊட்டியோடு நின்றுவிடுவீர்கள். ஜூலையில் வாருங்கள். கூடலூரில் இறங்கி பந்தலூர் பஸ் ஏறுங்கள், பஜாரில் வாத்தியார் என்று கேட்டால் யாராவது காட்டுவார்கள். செருப்பு வேண்டாம், முட்டி வரைக்கும் பூட்ஸ் போட்டு வாருங்கள். அட்டைக்கு உப்பும் புகையிலையும் நான் கொண்டுவருகிறேன். அக்காவும் கூட வருகிறேன் என்கிறாள். ஆட்டுக்கல் இன்னும் அங்கே இருக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப் பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி மாவட்டம்.